அப்பா எழுதிய பரீட்சை

நாற்பத்து நாலு வயதில் சரவணமுத்து காப்பி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சு அம்மாவின் தாளை ஓரக்கண்ணால் பார்ப்பதும், தன் தாளில் டிக் போடுவதுமாக இருந்தார்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளி அது. பிள்ளைகளின் குணத்தைப் பெற்றவர்களிடமே கேட்டு அளக்கப்போகிறோம் என்று, கவுன்சிலர் மஞ்சுளா ஆளுக்கொரு ஃபாரம் கொடுத்திருந்தார். சட்டென்று கோபம் வருமா, தப்பை ஒத்துக்கொள்வாளா, புது ஆட்களிடம் பேசுவாளா என்று நாற்பது கேள்விகள். மகள் பெயரை எழுதியதோடு சரவணமுத்துவின் பேனா நின்றுபோயிருந்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் பதினோரு மாதம் வடக்கே கிடக்கிற மனுஷன். மனைவி இறந்ததும் மகளை இங்கே சேர்த்து மூன்று வருடமாகிறது. பெற்றோர் கூட்டத்துக்கு இன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே நித்யஸ்ரீ, "அதா, எங்கப்பா!" என்று தோழிகளுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். வெற்றுத் தாளைக் கொடுத்து அவள் மானத்தை வாங்க முடியுமா?

அந்த அம்மாவோ பெயர் எழுதும் முதல் தாளைப் புரட்டிவிட்டு, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க மடமடவென்று எழுதினார். எதற்கும் யோசிக்கவே இல்லை.

கடைசிக் கேள்வி, 'எதற்குப் பயப்படுவாள்?' அந்த அம்மா எழுதினார்: 'ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணாவிட்டால், அவருக்கு என்ன ஆச்சோ என்று.'

ஒரு போன் பண்ண முடியாத அப்பனா என்று மனதுக்குள் திட்டினார் சரவணமுத்து. கை கொஞ்சம் கூசியது. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதானே என்று அதையும் பார்த்து எழுதிவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து மஞ்சுளா அவரைத் தனியாக அழைத்தார்.

"சார், இதே கேள்விகளுக்குப் பிள்ளைங்களையும் தங்களைப் பத்தி எழுதச் சொல்லியிருந்தோம். நித்யஸ்ரீ எழுதுனதும் நீங்க எழுதுனதும் அப்படியே ஒத்துப்போகுது. வேற பெத்தவங்க யாருக்குமே இப்படி வரலைங்க. பொண்ண இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!"

சரவணமுத்துவின் முகம் சுண்டிப்போனது. மகள் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். எம்புள்ளையப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. பக்கத்துல ஒரு அம்மா அவங்க புள்ளைக்கு எழுதுனதப் பாத்து எழுதிப்போட்டேனுங்க. வெக்கமா இருக்குதுங்க."

"சாவிக்கொத்து வெச்சிருந்தாங்களே, அவங்களா?"

"ஆமாங்க."

மஞ்சுளா அவருடைய தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அவங்களுக்குப் புள்ளையே இல்லீங்க. ஹாஸ்டல் வார்டன். பெத்தவங்க வராத புள்ளைங்களுக்கு அவங்கதான் எழுதுவாங்க."

"அப்ப..."

"நீங்க வந்தது தெரியாம, நித்யஸ்ரீக்குத்தான் எழுதிட்டு இருந்தாங்க."