சொந்த ஆய்வு

பேராசிரியர் பேனா மூடியைத் திறந்தார். திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மேசையில் செண்பகத்தின் ஆய்வேடு. ஐந்து பிரதிகள். காலையில்தான் பைண்டிங் கடையிலிருந்து வந்தன. பசை வாசம்கூட இன்னும் போகவில்லை.

மணி மூன்றே முக்கால். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. இன்றைக்குக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஏழு வருஷ உழைப்பு அம்போ. பட்டம் இல்லையென்றால் ஜூன் மாதத்திலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று அவள் பாடம் நடத்தும் கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள்.

கீழே ஆட்டோ நிற்கிறது.

ஒரே ஒரு கையெழுத்து. கடவுளே, போட்டால்தான் என்ன?

முதல் பக்கத்தில் நெறியாளர் சான்றிதழ். எல்லா ஆய்வேட்டிலும் இருக்கிற அதே நாலு வரிதான். 'இது இம்மாணவியின் சொந்த ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்.' மற்ற துறைகளில் யாரும் அதைப் படிப்பதுகூட இல்லை. போனில் பேசிக்கொண்டே கிறுக்கித் தள்ளிவிடுவார்கள்.

பேராசிரியர் ஞானமுத்து படித்தார். இரண்டு தடவை.

வகுப்புக்கே வராத மாணவனுக்கு வருகை போடச் சொன்னார்கள் என்று துறைத்தலைவர் பதவியையே உதறியவர் அவர். அவரிடம் ஆய்வுக்கு இடம் கிடைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வின் தலைப்பு, பொய்யும் அறமும்.

அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது வேறு. சில பொய்கள் கடமை என்று எழுதியிருந்தாள். அம்மா சாகக் கிடந்தபோது, தம்பி சவூதியிலிருந்து கிளம்பிவிட்டான், வந்துகொண்டே இருக்கிறான் என்று இவள்தான் சொன்னாள். அவன் கிளம்பவே இல்லை. அம்மா சிரித்த முகமாகப் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து பிறந்த கேள்வி அது.

சொந்தக் கதை வேண்டாம் என்று முதல் வருஷமே அதை அடித்துவிட்டார். கடமை என்ற சொல்லை இரண்டாம் வருஷம் அடித்தார். மூன்றாம் இயல் பதினொரு தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் அவரே மாற்றி எழுதித் தருவார். அவள் அப்படியே தட்டச்சு செய்வாள்.

முதலில் எதிர்த்துப் பேசப் பயம். அப்புறம் அலுப்பு. அப்புறம் அதுவே வசதியாகப் போயிற்று.

இப்போது ஆய்வேடு சொல்கிறது, எந்த நிலையிலும் பொய் கூடாது.

அவர் பக்கங்களைப் புரட்டினார். நிறுத்தினார். மறுபடி புரட்டினார். தன் வார்த்தைகளையே அச்சில் பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இதுல நீயா எழுதினது எதும்மா, செண்பகம்? ஒரே ஒரு பத்தி காட்டு. போட்டுடுறேன்."



பிரதியைத் தன் பக்கம் இழுத்தாள். பரபரவென்று தள்ளினாள். இது அவர் சொன்னது. இது அவர் திருத்தியது. மேற்கோள். மேற்கோள். இது அவர் வகுப்பில் பேசியது. இருநூற்று அறுபது பக்கத்தில் அவளுடையது நன்றியுரை ஒன்றுதான். அதையும் போன வாரம் அவர் பாதியாக வெட்டியிருந்தார்.

பாழாய்ப்போன ஏழு வருஷம்!

ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது. எல்லாம் உங்களால்தானே என்று சட்டையைப் பிடித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது. கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

நாலு பத்து.

முடிவுரையில் ஒரு பத்தியின் மேல் விரலை வைத்தாள். 'எத்தகைய நெருக்கடியும் ஒரு பொய்யை நியாயமாக்கிவிடாது' என்று தொடங்கும் பத்தி. தை மாதம், இதே அறையில், அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டது. ஒரு சொல்கூட மாற்றவில்லை.

"இது சார்" என்றாள். "நானே எழுதினது."

அவர் அவள் விரலைப் பார்த்தார். பிறகு பத்தியைப் படித்தார். அவசரமே இல்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா" என்றார்.

கையெழுத்துப் போட்டார். அடுத்த பிரதியை இழுத்தார்.