அண்ணனுக்கு முட்டினால்

விபத்தில் எட்வின் அண்ணனின் முதுகுத்தண்டு நொறுங்கிய பிறகு, அவனுடைய சிறுநீர்ப்பை நிறைந்தால் என் அடிவயிறுதான் முட்டுகிறது. டாக்டர்கள் ஒரு கருவி பொருத்தி எங்களை அப்படி இணைத்துவிட்டார்கள். வகுப்பில் இருந்தாலும் உடனே வெளியே வந்து அவனுக்குப் போன் செய்வேன். அவன் குழாய் போட்டு வெளியேற்றுவான். தாமதித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும். என் உணர்வோடு குழம்பிவிடக் கூடாது என்று, மாலை வகுப்புள்ள நாட்களில் நான் தண்ணீர் குடிப்பதில்லை.

இன்று வகுப்பு முடியும்வரை முட்டவே இல்லை.

"என்னட்டி, இன்னிக்கு உங்க அண்ணன் லீவா?" என்று பக்கத்தில் உட்காரும் ரெஜினா சிரித்தாள்.

கருவி பழுதா, நான்தான் கவனிக்கத் தவறினேனா என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடினேன். அண்ணனைக் குழாய் போடச் சொன்னேன். வந்தது கொஞ்சம்தான், அடர்ந்த தேன் நிறத்தில்.

"தண்ணியே குடிக்கலியா?"

"பரீட்சை வருதுல்லா. ஒரு நாளாவது நீ எந்திரிக்காம பாடத்தக் கேக்கணும்னுதான்."

"கிட்னி போயிரும்ணே!"

"நீ மட்டும் குடிச்சியாக்கும்? ஒன் ஒதட்டப் பாருட்டி."

ஒரு செம்புத் தண்ணீரை இருவரும் மாறி மாறிக் குடித்தோம். பிறகு முட்டியபோது, அது அவனுடையதா என்னுடையதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. குழாயை அவன் கையில் கொடுத்துவிட்டு, நானும் கழிப்பறைக்குப் போனேன்.