கடலோரத்தில் இன்னும் ஒரு நாள்

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருந்துபோட்டுப் போலாமுங்க” என்று தெய்வாத்தாள் கேட்டபோது பாலுசாமிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது இந்தக் கடல் ஒன்றைத்தான். சரி, இருக்கலாம் என்றார்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கோடையில் மட்டும் நாலைந்து குடும்பங்கள் வந்து தங்கிப் போகிற சின்ன ஊர் அது. பனைமரங்களுக்கு நடுவே அவர்களுடைய வேன் நின்றது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் பட்டறை வைத்திருந்த பாலுசாமி, பழைய மெட்டடோர் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தார்.

ஆக்கிய பிறகு அது பட்டறையிலேயே தூசி படிந்து கிடந்தது. வால்பாறை பஸ்ஸில் ஏறினால் ஆழியாறு தாண்டுவதற்குள் வாந்தியெடுக்கிற பெண்டாட்டியை வைத்துக்கொண்டு எங்கே போவது? ஆனால் போன வாரம் அவளே வந்து கடல் பார்க்க வேண்டும் என்றாள். வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தாளே தவிர, திரும்பிவிடலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மகள் நித்யஸ்ரீ வரவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லீவு கிடைக்காது என்றுவிட்டாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தன் அக்கா மகன் வேலனுக்குக் கொடுப்பதாகப் பாலுசாமி வாக்குக் கொடுத்திருந்தார்.

வேலன் குடிக்கிறவன் என்று ஊருக்கே தெரியும். நித்யஸ்ரீ சாப்பிடாமல் கிடந்து அழுது பார்த்தாள். கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று பாலுசாமி பேச்சை முடித்துவிட்டார்.

வெயில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு போன் போடலாம் என்று கடைத்தெருவுக்கு நடந்தார். வேனுக்குத் தண்ணீர் பிடிக்கத் தன் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்ட ஜெபராணிதான் அங்கே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பட்டறைக்குப் போட்டார்.

மேஸ்திரி ரசாக் எடுத்தார். வணக்கம் சொல்லிவிட்டு, பின்னால் ஓடிய மெஷினை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

“மொதலாளி, பாப்பா இன்னிக்குக் காலைல கோயில்ல வெச்சு நம்ம மோகன்குமாரக் கட்டிக்கிச்சுங்க.”

மோகன்குமார் அவருடைய பட்டறையில் வெல்டர். நேற்று ராத்திரி அவர் படுத்துத் தூங்கிய கட்டிலை அடித்துக் கொடுத்தவன்.

பாலுசாமி செருப்பைப் பூத் வாசலிலேயே விட்டுவிட்டுச் சுடுமணலில் நடந்தார். ஜெபராணி பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை. வேன் படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கால் எரிவது தெரிந்தது.

தெய்வாத்தாளிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமல், கேட்டதை அப்படியே சொன்னார். அவள் அழவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதிர்ச்சியில் அழுகை வரவில்லை என்று அவர் நினைத்தார்.

“நாம இல்லாத நேரம் பாத்து செஞ்சுபோட்டா அம்மணி. பெத்த ரெண்டு பேரு கழுத்தையும் அறுத்துப்போட்டா.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில், அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்ததையும் துடைக்கவில்லை.

“இனி உன்னைய விட்டா எனக்கு ஆரிருக்கறா?”

தெய்வாத்தாள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைக்கு அருகே யாரோ வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிடித்த கையை விடாமலே பாலுசாமி எழுந்தார். இப்போது கிளம்பினால் விடிவதற்குள் ஊர் போய்விடலாம், அந்தப் பயல் வீட்டு வாசலில் நின்று மகளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். ஒன்றுமில்லாத அந்த வீட்டில் அவளை எந்த நம்பிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள், யார் கொடுத்த தைரியம் என்று கேட்டுக்கொண்டே மறு கையால் சாவியை எடுத்தார்.

அவள் அவர் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“மாப்பள ஊட்டுல போயிப் பேசி முடிச்சதே நாந்தானுங்க.”