மரப் பேருந்துக்கு ஒரு ஸ்பீக்கர்

சமோவாவின் சவாயி தீவில் அந்தி வெயில் மரப் பேருந்துக்குள் நுழைந்து இருக்கைப் பலகைகளில் படுத்துக் கிடக்கிறது. சின்ன ஸ்பீக்கரைக் காலடியில் ஒதுக்கிவிட்டு, ஓட்டுநர் செமிசி பெரியதைப் புது ஆம்ப்ளிஃபையரில் இணைக்கிறான். பாட்டு அலற, கூரை தடதடக்கிறது. "இத மாட்டுனா, என் மச்சான் ஓட்டுற பஸ்ல போற கூட்டம் பூரா நமக்குத்தான்" என்கிறான். "இப்பவே எடமில்லாம ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்கார்றாங்க. இந்தப் பொட்டிய யாரு மடியில வைப்ப?" என்கிறாள் மனைவி லூப்பே. அப்போது மாலை ஜெபத்துக்கான சங்கு ஒலிக்கிறது. ஊரே அடங்கவேண்டிய நேரம். அவன் பாட்டை அணைக்கிறான். வீடுகளிலிருந்து துதிப்பாடல் எழுகிறது. பின்னிருக்கையில் லூப்பே தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்ள, அவன் சாய்ந்திருக்கும் பலகை லேசாக அதிர்கிறது. பாடல் ஓய்ந்தபின் அவன் பெரியதைக் கழற்றிவிட்டு, குனிந்து சின்ன ஸ்பீக்கரை எடுக்கிறான். "ஒன் மச்சான் சிரிப்பாரு" என்கிறாள் லூப்பே. "சிரிக்கட்டும். ஏறுற சனம் பாட்டோட சேந்து பாடுனா அவங்க கொரலு கேக்கணும்ல?"