அஸ்மத்துன்னிசாவின் அளவு

புதுப் புர்காவின் ஓரம் தரையைக் கூட்டியது.

"நிமிந்து நில்லு" என்றார் ஷரீஃப்.

"நிமிந்துதான் நிக்கிறேன்" என்றாள் அவர் மனைவி அஸ்மத்துன்னிசா.

ஷரீஃபுக்கு எரிச்சல் வந்தது. நேராக நிற்கச் சொன்னால் முதுகுவலி என்பாள். பெருநாள் போனதிலிருந்தே இதே பாட்டுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

மகள் புஷ்ராவும் போனில் சொல்லிப் பார்த்துவிட்டாள். வயதான பொம்பளைகளுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகுமாம். முதுகெலும்பு தானாக விரிசல் விட்டு அமுங்குமாம். படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

விழாமல் எலும்பு உடையுமா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார் ஷரீஃப். நடந்து போனவனைப் படுக்கவைத்து அனுப்புகிறதுதான் ஆஸ்பத்திரிக்காரன் பிழைப்பு. வாயுப் பிடிப்புக்குத் தைலம் போதும்.

இப்போது அவர் கவலையெல்லாம் துணி. மேற்கு மாம்பலம் சந்துக்குள் உட்கார்ந்து தி. நகர் கடைகளுக்குக் காலமெல்லாம் புர்கா தைக்கிறவர் அவர். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒழுங்காக உட்காருகிற துணி, சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் காலைத் தட்டுமா?

துணிக்காரன் பீர் முஹம்மது மேல் சந்தேகம் போனது. இழுபடுகிற ரகத்தைத் தலையில் கட்டிவிட்டான். அவன் கடை வாசலிலேயே, நாலு பேர் காதுபட, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று இடித்தது. தைத்ததை ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, இறங்க வேண்டிய துணி இறங்கிய பிறகுதான் அடி மடித்திருந்தார்.

டேப் எடுத்து அளந்துதான் பாருங்களேன் என்றாள் அவள்.

இவளை எதற்கு அளப்பது? ஐம்பத்துநாலு அங்குலம். நிக்காஹ் ஆன வருஷம் எடுத்த அளவு. சீட்டைப் பார்க்காமல் அவர் வெட்டுகிற ஒரே புர்கா இவளுடையதுதான்.

அவள் வாயை அடைக்கவாவது அளந்துவிடுவோம் என்று டேப்பைத் தோளில் வைத்துக் கணுக்கால் வரை இறக்கினார்.

ஐம்பத்தொன்று.

டேப்பை நம்பவில்லை. இரும்பு ஸ்கேல் மேல் வைத்துச் சரிபார்த்தார். டேப் சரியாகத்தான் இருந்தது. கூன் போட்டு ஏமாற்றுகிறாளோ என்று முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு மேடு தட்டுப்பட்டது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை.

கையை எடுத்துவிட்டார்.

துணி என்றால் வெட்டினால் குறையும். மனுஷி எப்படிக் குறைவாள்?

ஆணியில் தொங்கிய பழைய புர்காவை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்கோ. எலும்பு டாக்டர் பன்னெண்டு மணிக்கெல்லாம் எந்திரிச்சிப் போய்டுவான்."

அவள் புதுசைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டாள். தைக்கிறவன் புத்தி போகுமா, கண் தானாக அடி ஓரத்துக்குப் போனது. தரையைத் தொடவில்லை. கணுக்காலில் கச்சிதமாக நின்றது.

இதுவும் அவர் தைத்ததுதான். இதுவும் ஐம்பத்துநாலுதான்.

குனிந்து ஓரத்தைப் புரட்டினார். உள்பக்கம் ஒரு மடிப்பு. கோணல் மாணலான கைத்தையல். அவர் போட்டதில்லை. ஆணியில் இருந்த இன்னொரு பழைய புர்காவையும் எடுத்துப் புரட்டினார். அதிலும் மடிப்பு இருந்தது, கொஞ்சம் சின்னதாக.

அதைக் கையில் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

"இத்தினி நாளா மடிச்சிக்கினு இருந்தவ, புதுசை மட்டும் இன்னாத்துக்கு அப்படியே வுட்ட?"

அஸ்மத்துன்னிசா முகத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"மடிச்சிருந்தா டேப்பை எடுத்திருப்பீங்களா?"