இருபதோடு சரி

வந்தவரின் கை ஒற்றுத்தாள் அடுக்கின் மேல் இருந்தது.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மோதிரம் போட்ட கை. பேசும்போதெல்லாம் அடுக்கைத் தட்டியது. தட்டித் தட்டி மேல்தாள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

அதற்குக் கீழே, நாலைந்து தாள் தள்ளி, எத்திராஜ் இருந்தான்.

அவள் புருஷன். முந்தாநாள் பட்டறையில் யாரும் இல்லாதபோது தனியாகச் சக்கரத்தைச் சுற்றி அவள் எடுத்த படம். இருபத்தொன்றாவது.

இருபதுதான் எடுக்க வேண்டும். அதுதான் பேச்சு.

அச்சுச் சக்கரத்தைக் குனிந்து சுற்றும் எத்திராஜைத்தான் ஓவியர் சற்குணம் செம்புத் தகட்டில் கீறியிருந்தார். போன தை மாதம் அவன் செத்துப்போனான். அவன் சுற்றிய சக்கரத்தை அவள் சுற்றினாள். அவன் முகத்தை அவளே இருபது தடவை அச்செடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓவியர் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்துப் போட்டார். யார் யார் வீட்டுச் சுவருக்கோ அவன் போய்ச் சேர்ந்தான்.

அவள் வீட்டில் இருப்பது ஆதார் அட்டைப் படம். அதில் இருப்பது யாரோ.

ஓவியரிடம் ஒன்று கேட்டிருக்கலாம். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

கடைசிப் பிரதிக்காக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். வீடு நிறைய இப்படிக் கையெழுத்துப் போட்ட படங்கள் சேர்த்து வைத்திருப்பவர். ஒருமுறை ஏமாந்தவரும்கூட. அவர் வாங்கிய படமே, அதே எண்ணோடு, இன்னொருவர் வீட்டில் தொங்கியதாம். அதிலிருந்து தகட்டைக் கண்ணெதிரே கீறி அழித்தால்தான் படத்தைத் தொடுவார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க மேல சந்தேகமில்லீங்க. கண்ணுல பார்த்துட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருதுங்க. என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இத்தனை விசாரிக்கலைன்னு எங்க வூட்டுல சொல்றாங்க."

ஓவியர் சிரித்தார். தகட்டை மேசையில் வைத்தார். எஃகு ஊசியை எடுத்து எத்திராஜின் நெற்றிக்கு மேலே கொண்டுபோனார்.

ஊசி அங்கேயே நின்றது.

"முகத்துல வேணாமே," என்றார். "இந்தம்மாவோட வீட்டுக்காரர்."

வந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அடடா. தெரியாமப் போச்சுங்களே. மூலையில ஒரு கோடு போடுங்க. போதும்."

கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் தேவலை.

சங்கடத்தில் அவர் கை சும்மா இருக்கவில்லை. மேல்தாளின் ஓரத்தை நெருடியது.

"இதுல என்னங்க வெச்சிருக்கீங்க?"

"வெறுந்தாள். ஈரம் ஒத்தி எடுக்கறது. எடுத்துப் பாருங்களேன், நல்ல தாள்."

ஓவியருக்குத் தெரியாது.

வந்தவர் முதல் தாளைத் தூக்கினார். விரலால் தேய்த்துப் பார்த்தார். அடுத்ததன் ஓரத்தில் நகம் நுழைந்தது.

அவள் வேலை போனால் போகட்டும். கள்ளத்தனமாக அச்சடித்தவர் என்று ஓவியரைச் சொல்வார்கள். கோயம்புத்தூர் வரைக்கும் சொல்வார்கள்.

அவள் ஓவியரின் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினாள்.

நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். அழுத்தி. ஒரே கோடு.

செம்பு கிறீச்சிட்டது.

வந்தவரின் கை அடுக்கை விட்டுத் துள்ளியது.

"என்னங்கம்மா இது! நான்தான் மூலையே போதும்னு சொன்னேனே!"

"இருக்கட்டும் சார். நிம்மதியா எடுத்துனு போங்க."

ஓவியர் தகட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

போன வாரம், தகட்டை அழிக்கப்போகிறோம் என்று அவர் சொன்னபோது, அதை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுத அழுகை அவருக்குத் தெரியும். ஒரு நாள் பூராவும் சக்கரம் சுற்றவில்லை.

இன்றைக்குக் கண் காய்ந்து கிடந்தது.

அவர் பார்வை மெல்ல அடுக்கின் பக்கம் போயிற்று. நகர்ந்து கிடந்த தாளில் போய் நின்றது.

அவள் தரையைப் பார்த்தாள்.

"அப்ப, இருபதோட சரிங்களே?"

வந்தவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். தன் படத்தை அட்டைகளுக்கு நடுவில் பதமாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஓவியர் அவள் கையிலிருந்த ஊசியை வாங்கி வைத்தார்.

"இந்தத் தகட்டுல இனிமே ஒண்ணும் வராது."

சொல்லிவிட்டு ஓவியர் எழுந்தார். கலைந்த தாள்களை ஓரம் சேர்த்தார். கீறல் விழுந்த தகட்டை இரண்டு கையாலும் தூக்கி, அடுக்கின் மேல் பாரமாக வைத்தார்.

"வெறுந்தாளுக்கா பாரம் வெக்கறீங்க?" என்றார் வந்தவர்.

"வெறுந்தாளும் சுருளுமே," என்றார் ஓவியர், அவளைப் பார்க்காமல்.