கறுப்புக் கோட்டு

"ஊரே துக்கத்துல இருக்கு. உனக்கு வியாபாரம் கேக்குதா?"

சந்தை சங்கத்தின் சேர்மன் லுபிந்தா போட்ட சத்தத்தில் சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

முன்னாள் ஜனாதிபதியை அன்று தலைநகர் லுசாகாவில் அடக்கம் செய்கிறார்கள். கப்வே நகரச் சந்தையில் அத்தனை கடையும் மூடியிருந்தது. லுபிந்தாவின் உத்தரவு. பானா கங்வா மட்டும் சலவுலா என்கிற பழந்துணி மூட்டையைப் பிரித்துப்போட்டு, வெள்ளைக்காரர்கள் உடுத்திக் கழித்த சட்டைகளை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் சார். மூடிடறேன்."

"இப்பவே மூடு! செத்துப்போன மகான் யாரு தெரியுமா? வியாபாரிக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தவர். எவன் வேணா, எதை வேணா, எப்ப வேணா விக்கலாம். எந்தத் தடியனும் வந்து தடுக்கக்கூடாதுன்னு வழி பண்ணினவர்!"

"அப்ப நீங்க ஏன் சார் தடுக்கறீங்க?"

கூட்டம் சிரித்தது.

"அவருக்கு மரியாதை செய்யத்தான்! மூடலேன்னா, அடுத்த மாசம் இந்த இடம் வேற ஆளுக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

அவள் கை ஒரு நொடி நின்றது. அந்த எட்டடி இடம்தான் அவள் வீட்டில் உலை வைக்கிறது. ஆனாலும் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

"மூடாதே தங்கச்சி!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் சிக்வாண்டா. துணி மில் தொழிற்சங்கத் தலைவர். மில்லை மூடி வருஷங்களாகிவிட்டன. தலைவர் பதவியை மட்டும் அவர் மூடவில்லை.

"மகானாம், மகான்! நாட்டையே ஏலம் போட்ட ஆளு. சுரங்கத்தை வித்தாச்சு. கதவைத் தொறந்து விட்டாச்சு. கண்டவன் கழிச்ச துணி உள்ளே வந்துச்சு, நம்ம மில்லு படுத்துச்சு!"

"நஷ்டத்துல ஓடின மில்லுய்யா அது!" என்றார் லுபிந்தா. "போட்டின்னு வந்தா நிக்கணும். நிக்க முடியாதது விழும். அதான் சந்தை. அவருக்கு முன்னால ஒரு சோப்புக்கு விடியக்காலைல வரிசையில நின்னோமே, மறந்துபோச்சா?"

"நின்னோம். நிக்கிறப்ப கையில சம்பளம் இருந்துச்சு. இப்ப கடை நிறைய சோப்பு இருக்கு, வாங்கத்தான் ஆளக் காணோம். படுத்தது மில்லு இல்லைய்யா, மனுஷன்! ஒவ்வொரு தொழிலாளியும் என் ரத்தம்!"

யாரோ கை தட்டினார்கள். சிக்வாண்டாவுக்குச் சூடு பிடித்தது.

"தங்கச்சி, நீயே சொல்லு. அந்த ஆளை எதிர்த்துத்தானே இன்னிக்குக் கடை தொறந்தே?"

"என் புருஷன் வேலை போனதும் அவராலதான். எனக்கு இந்தக் கடை வந்ததும் அவராலதான். நான் யாரைண்ணே எதிர்க்கறது? அது கிடக்கட்டும், நீங்க போட்டிருக்கிற பழுப்புக் கோட்டு போன வருஷம் நம்ம கடையில எடுத்ததுதானே?"

சிக்வாண்டா இருமினார்.

அப்போது ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று சந்தையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

'இன்று நம் ஊர் ஸ்டேடியத்தில் நடக்கும் அஞ்சலிக் கூட்டத்துக்கு வரும் பிரமுகர்கள் கவனிக்கவும். கறுப்புக் கோட்டு அணியாதவர்களுக்கு மேடையில் இடமில்லை.'

லுபிந்தா குனிந்து தன் நீலக் கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து சந்தையைப் பார்த்தார். எல்லாக் கடையிலும் பூட்டு. எல்லாம் அவர் போடச் சொன்ன பூட்டு.

பானா கங்வா மூட்டையின் அடியிலிருந்து அப்போதுதான் ஒரு கறுப்புக் கோட்டை உருவினாள். நல்ல கனம், பொத்தான் ஒன்றுகூடப் போகவில்லை.

லுபிந்தாவின் குரல் இறங்கியது. "ஏம்மா, அதை இப்படிக் கொடு. நூறு க்வாச்சா தர்றேன்."

"இருநூறு," என்றார் சிக்வாண்டா.

"யோவ், உனக்கு எதுக்குய்யா?"

"தொழிலாளர் பிரதிநிதின்னு எனக்கும் மேடையில நாற்காலி போட்டிருக்காங்க."

"நாட்டை ஏலம் போட்டவருக்கு அஞ்சலியா?"

"செத்தவங்களைத் திட்டறது நம்ம பழக்கம் இல்லே. முந்நூறு!"

"ஐந்நூறு!"

"எண்ணூறு!"

லுபிந்தாவுக்கு வியர்த்துவிட்டது. "பகல் கொள்ளையா இருக்கே! பழைய துணிக்கு எண்ணூறா? இதையெல்லாம் கேக்க நாதியில்லையா? அரசாங்கம் தலையிட்டு விலையைக் கட்டுப்படுத்த வேண்டாமா?"

"நிக்க முடியலேன்னா விழுங்க சேர்மன்!" என்றார் சிக்வாண்டா.

"துக்க நாள்லயும் காசு பாக்கறா பாரு. கெட்டிக்காரிதான்," என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

பானா கங்வா பொத்தான்களைப் போட்டாள். கோட்டைத் தூசி தட்டினாள். செய்தித்தாளில் சுற்றினாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற, மெலிந்த ஒரு பெண்ணைக் கைகாட்டி அழைத்து அவளிடம் நீட்டினாள்.

"இந்தா. அவர் உயரத்துக்குச் சரியா இருக்கும். காசெல்லாம் வேண்டாம், கிளம்பு."

"எண்ணூறை விட்டுட்டு இனாமாவா கொடுக்கறே!" என்று லுபிந்தா பதறினார்.

"இன்னிக்குச் சாவு பெரிய வீட்டுல மட்டும் விழலே சார். புருஷனைக் கிழிஞ்ச சட்டையோட புதைக்க மனசு வரலேன்னு இவ காலைல வந்து என் கதவைத் தட்டினா. அதுக்காகத்தான் கடையைத் தொறந்தேன். இப்ப மூடிடறேன்."

மூட்டையைக் கட்ட ஆரம்பித்தாள்.

சிக்வாண்டா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"பாவம்மா. உன் புருஷன் என்ன வேலை பார்த்தாரு?"

"துணி மில்லுல தறி ஓட்டினாருண்ணே. உங்க சங்கம்தான். ரெண்டு மாசமா படுக்கையில கிடந்து, 'தலைவர் ஒரு தடவை வந்து பார்ப்பாரு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."